பயணத் திட்டத்தின் நேரங்களை மாற்றியது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஒருநாள் குழுச் சுற்றுலாவில் முன்னறிவிப்பின்றி நேர வரிசையை மாற்றியது, பறவைக் கூட்டையும் கல்வெட்டையும் கையாண்ட விதம், கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரக் கோருதல்.

வணக்கம்.

கடந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நீங்கள் நடத்திய ஒருநாள் சுற்றுலாவுக்கு நானும் என் அம்மாவும் வந்திருந்தோம். பறவைகள் வரும் ஓர் ஈரநிலம், ஒரு பழைய கோட்டை, ஒரு தாவரவியல் பூங்கா. மூன்று இடங்களுக்கும் போனோம் என்பது உண்மை. மறுநாள் உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தபோது, "மூணு இடமும் காட்டிட்டோமே மேடம், எதுவும் விட்டுப்போகலையே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பேருந்து. ஆறு மணிக்கு ஈரநிலம். பத்தரைக்குக் கோட்டை. மதியம் சாப்பாடும் ஓய்வும். மாலை ஐந்து முதல் ஏழு வரை பூங்கா. அதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்தவர். பறவைகள் விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகமாக இரை தேடும், பாடும். வெயில் ஏறினால் நிழலில் ஒடுங்கிவிடும். கோட்டையில் கல்வெட்டு இருப்பது கிழக்குப் பார்த்த சுவரில். பத்தரை வாக்கில் வெயில் மேலிருந்து சுவரை ஒட்டிச் சரிந்து விழும்போது, தேய்ந்துபோன எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கும், படிக்க முடியும். மதியத்துக்கு மேல் அந்தச் சுவர் முழுக்க நிழலுக்குள் போய்விடும். பூங்காவை மாலைக்கு வைத்ததற்கும் காரணம் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் அம்மா இந்தச் சுற்றுலாவுக்கு வந்ததே அதற்காகத்தான்.

அன்று பேருந்து வந்தது எட்டு ஐம்பதுக்கு. நாலே முக்காலுக்கே எழுந்து கிளம்பி, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தெருமுனையில் நின்றோம். "வண்டி வந்துட்டே இருக்கு" என்று மூன்று முறை குறுஞ்செய்தி வந்தது, வரிசையை மாற்றிவிட்டோம் என்று ஒன்றுகூட வரவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு ஓட்டுநர்தான் பேச்சுவாக்கில் சொன்னார், அதே வண்டி விடியற்காலையில் வேறொரு குழுவை இறக்கப் போயிருந்தது என்று. "அதிகபட்சம் 15 பேர்" என்று திட்டத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 36 பேர். வழிகாட்டி ஒரே ஒருவர்.

முதலில் கூட்டிப்போனது பூங்காவுக்கு. மணி பத்து இருபது.

என் அம்மாவுக்கு 71 வயது. பள்ளியில் 31 வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். விக்டோரியா ராட்சத அல்லியின் பூவைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பாரோ தெரியாது, நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்தப் பூ மாலை மயங்கும் நேரத்தில் விரியும். முதல் நாள் இரவு வெள்ளை. பழவாசனை வீசும், சுற்றியிருக்கும் காற்றைவிடப் பூவின் உட்புறம் பல டிகிரி சூடாக இருக்கும். அந்த வாசனைக்கும் சூட்டுக்கும் வண்டுகள் உள்ளே நுழையும், பிறகு பூ மூடிக்கொள்ளும், வண்டுகள் உள்ளேயே சிறை. மறுநாள் மாலை அதே பூ இளஞ்சிவப்பாகித் திறக்கும். மகரந்தம் ஒட்டிய வண்டுகள் வெளியேறி அடுத்த வெள்ளைப் பூவைத் தேடிப் போகும். இரண்டு இரவோடு கதை முடிந்து பூ தண்ணீருக்குள் இறங்கிவிடும். இதை அம்மா எனக்குச் சின்ன வயதில் தூங்கவைக்கும் கதையாகவே சொல்லியிருக்கிறார். உங்கள் திட்டத்தில் "மாலையில் விரியும் ராட்சத அல்லி" என்ற வரியைப் படித்துக் காட்டியபோதுதான், முழங்கால் வலியோடு வரச் சம்மதித்தார்.

குளத்தில் இலைகள் இருந்தன, விளிம்பு மடிந்த பெரிய தாம்பாளங்கள் மாதிரி. பூ இல்லை. ஓர் ஓரத்தில் துவண்டுபோன சிவப்புப் பூ ஒன்று பாதி மூழ்கிக் கிடந்தது. பக்கத்தில் தண்ணீருக்கு மேலே தலைகாட்டி நின்றது ஒரு பருத்த மொட்டு. வழிகாட்டி அந்தச் சிவப்பைக் காட்டி, "இதுல வெள்ளை ஒரு வகை, சிவப்பு ஒரு வகை" என்றார். நாங்கள் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் பேசி முடித்து நகர்ந்துவிட்டார். பின்னால் தங்கிய ஒரு சின்னப் பையனிடம் அம்மா அந்த மொட்டைக் காட்டி, "இன்னைக்குச் சாயங்காலம் இது விரியும்பா, வெள்ளையா" என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகாலுக்குப் பேருந்து புறப்பட்டுவிட்டது. திட்டப்படி நடந்திருந்தால் அந்த மொட்டு விரிகிற நேரத்தில் நாங்கள் அந்தக் கரையில் இருந்திருப்போம்.

அந்த வழிகாட்டி இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. பேருந்தில் அவர் சொன்ன ஜோசப் பாக்ஸ்டன் கதை நன்றாக இருந்தது. 1849-இல் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் இந்த அல்லியைப் பூக்க வைத்தவர் பாக்ஸ்டன். இலை எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்கத் தன் மகளை அதன்மேல் நிற்க வைத்தார். இலையின் அடிப்பக்கத்து நரம்புகளின் அமைப்பைக் கவனித்து, 1851-இல் லண்டன் கண்காட்சிக்குக் கட்டிய கண்ணாடி மாளிகையில் அந்த யோசனையைப் பயன்படுத்தினார். இவ்வளவும் அந்தப் பையன் சரியாகச் சொன்னார். 36 பேரைத் தலை எண்ணி ஏற்றி இறக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டினால், குளத்தங்கரையில் நின்று பேச அவருக்கு ஏது நேரம்? பின்னால் வருகிறவர்களோடு நடக்க இன்னொரு ஆள் இல்லை. அதனால் அன்று முழுக்க நாங்கள் போய்ச் சேரும்போதெல்லாம் குழு கிளம்பிக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் எங்களுக்காகக் காத்திருந்து ஓய்வெடுத்துவிட்டார்கள். எங்களைக் கண்டதும் நடை தொடங்கிவிடும். ஓய்வு தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் ஓய்வே கிடைக்கவில்லை.

அடுத்து ஈரநிலம், பகல் ஒரு மணிக்கு. இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே நடந்தது எங்கள் ஏமாற்றத்தோடு முடியவில்லை.

அந்த வெயிலில் ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்ததும், வழிகாட்டி தன் ஃபோனில் ஒரு பறவையின் குரலைச் சத்தமாகப் போட்டார். இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லைக்குள் அந்நியக் குரல் கேட்டால், போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று பறவை பதறும். இரையையோ கூட்டையோ விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி வரும். நமக்குப் படம் கிடைக்கும், அதற்கு அலைச்சல்தான் மிச்சம். ஆனால் அன்று வந்தது அந்தப் பறவை இல்லை. கரையிலிருந்து ஓர் ஆள்காட்டி கத்திக்கொண்டே எழும்பியது.

ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடும். சரளைக் கற்களுக்கு நடுவே சின்னக் குழி, அதில் கல்லைப் போலவே புள்ளி போட்ட நாலு முட்டை. உச்சி வெயிலில் அது கூட்டில் உட்கார்வது முட்டைக்குச் சூடு கொடுப்பதற்காக இல்லை, முட்டை வெந்துவிடாமல் நிழல் கொடுப்பதற்காக. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிரவைக்கும். ஆகவே பகல் ஒரு மணிக்கு அதை எழுப்பிவிட்டால், திரும்பி வரும்வரை ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்குக் கேடு.

பாதையை விட்டு இறங்கிப் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டைச் சுற்றி நின்றுவிட்டார்கள். வழிகாட்டி, "கிட்டப் போங்க, அது ஒண்ணும் பண்ணாது" என்றார். பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அம்மாவால் வேகமாக நடக்க முடியாது. நான் ஓடிப்போய், "தயவுசெய்து வந்துடுங்க, முட்டை வெயில்ல கிடக்கு" என்று கெஞ்சினேன். சிலர் உடனே நகர்ந்தார்கள். சிலர் செல்ஃபி எடுத்து முடித்துத்தான் வந்தார்கள். என் கைக்கடிகாரப்படி பதினோரு நிமிடம். அந்த நாலு முட்டையும் என்ன ஆயின என்று இன்றுவரை மனசு அடித்துக்கொள்கிறது. விடியற்காலை ஆறு மணிக்குப் போயிருந்தால், பாதையில் நின்றபடியே வேண்டிய மட்டும் பறவைகளைப் பார்த்திருக்கலாம். ஃபோனில் குரல் போடவும் யாருக்கும் தோன்றியிருக்காது.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது நாலரைக்கு. ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். மேல்தளத்துக்கு ஓடுவதா, கல்வெட்டைப் பார்ப்பதா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் முன்பே சொன்ன கிழக்குச் சுவர் அப்போது இருட்டடித்துக் கிடந்தது, ஓர் எழுத்தும் தெரியவில்லை. அதற்காக வழிகாட்டி பையிலிருந்து சாக்பீஸை எடுத்து எழுத்துகளின்மேல் தேய்த்தார். பழைய கல்லில் அப்படிச் செய்யக் கூடாது. தேய்ப்பதால் பலவீனமான மேற்பரப்பு உதிரும், தூள் கல்லின் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதோடு, இன்று ஒருவர் தனக்குத் தோன்றியபடி கோடு இழுத்துவிட்டால் நாளை வருகிறவர் அந்தத் தப்பான எழுத்தைத்தான் படிப்பார். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரக் காகிதத்தை ஒற்றி மைப்படி எடுப்பதற்கும் முறையான அனுமதி வாங்குகிறார்கள்.

அம்மா எதுவும் பேசாமல் என் ஃபோனை வாங்கி டார்ச்சைப் போட்டு, சுவரில் தொடாமல், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். எழுத்துகள் வரிசையாக எழும்பி வந்தன. நேராக அடித்தால் தெரியாத எழுத்து, ஓரத்திலிருந்து அடித்தால் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் வாயடைத்துப்போய்ப் பார்த்தார்கள். வழிகாட்டியும் சாக்பீஸைப் பைக்குள் போட்டுவிட்டு நின்று பார்த்தார், "எனக்கு யாரும் சொல்லித் தரலம்மா" என்றார். அன்றைய நாளில் சுற்றுலா என்று சொல்லத் தகுந்த நேரம் எங்களுக்கு அந்த மூன்று நிமிடம்தான். அதற்குள் காவலர் விசில் அடித்துவிட்டார்.

திரும்பும் வழியில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். பேருந்து சுத்தமாக இருந்ததா, சாப்பாடு சரியான நேரத்துக்கு வந்ததா என்றெல்லாம் கேட்டிருந்தது. இரண்டுக்கும் ஆம் என்றுதான் எழுதினேன், அதில் குறை இல்லை. நேரத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை.

உங்கள் அலுவலகம் சொன்ன பதிலுக்கு வருகிறேன். இடங்களை மட்டும் பார்ப்பதென்றால் நாங்களே ஒரு வண்டி பிடித்துப் போயிருப்போம். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போக வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு போவார் என்று நம்பித்தான் உங்களிடம் பணம் கட்டினோம். திட்டத்தில் இருந்த மூன்று நேரங்களில் ஒன்றைக்கூட நீங்கள் காப்பாற்றவில்லை. மழை, சாலை மறிப்பு என்று ஏதாவது நடந்து நேரம் மாறியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஒரே வண்டியை இரண்டு குழுவுக்கு ஓட்டுவது உங்கள் வசதிக்காகச் செய்த முடிவு, அதை முந்தைய நாளே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நாங்கள் வந்திருக்க மாட்டோம்.

எனவே எங்கள் இருவரின் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். போக்குவரத்து, சாப்பாட்டுக்கான பங்கை நான் கேட்கவில்லை. இனி வரிசை மாறினால் முந்தைய நாள் மாலைக்குள் தெரிவித்து, வேண்டாம் என்பவர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுப்பதாக எழுத்தில் உறுதி தாருங்கள். 15 பேர் என்று போட்டால் 15 பேரோடு நிறுத்துங்கள், கடைசியில் நடந்து வர ஓர் ஆளைப் போடுங்கள். குரல் பதிவு போடுவது, பாதையை விட்டு இறங்கவிடுவது, கல்லைத் தொடுவது மூன்றையும் உங்கள் வழிகாட்டிகளுக்கு அடியோடு தடை செய்யுங்கள். அந்த இளைஞரைத் தண்டிக்க வேண்டாம், பயிற்சி கொடுங்கள். கேட்டுக்கொள்ளும் மனம் அவருக்கு இருக்கிறது. இந்தப் பயணத் திட்டத்தை முதலில் எழுதியவர் இன்னும் உங்களிடம் வேலை செய்தால், பயிற்சியை அவரிடமே ஒப்படைக்கலாம். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போக வேண்டியிருக்கும். பணம் கட்டிய ரசீது, பயணத் திட்டம், அன்று வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன்.

அம்மா பணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார்: பூங்காக்காரர்கள் உங்களுக்குப் பழக்கமானவர்கள்தானே, அடுத்த மொட்டு தண்ணீருக்கு மேலே வரும் நாளில் ஒரு ஃபோன் செய்யச் சொல்ல முடியுமா? அன்று மாலை ஐந்து மணிக்கு நாங்களே வந்துவிடுவோம். வண்டி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் குழுவில் அம்மாவோடு வந்த உங்கள் வாடிக்கையாளர்