'ஜென்டில்மேன் ஜிம்' காட்டாத 61 சுற்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரில், ரால் வால்ஷ் இயக்கி 1942 இல் வெளியான 'ஜென்டில்மேன் ஜிம்' படத்தைப் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரையைப் படித்தேன். எரோல் ஃபிளினின் நடிப்பைப் பற்றிக் கட்டுரையாளர் சொல்லியிருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் ஜே. கார்பெட்டின் வாழ்க்கையை இப்படம் உள்ளது உள்ளபடி சொல்கிறது என்று அவர் முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை.

படத்தின் சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் வங்கி எழுத்தராக இருந்த ஓர் இளைஞர், வெறுங்கைச் சண்டை சட்டவிரோதமாகக் கருதப்பட்ட காலத்தில், கையுறையும் மூன்று நிமிடச் சுற்றும் கொண்ட குயின்ஸ்பெரி விதிகளின் துணையோடு மேலேறி வந்த கதை இது. கார்பெட்டின் பலம் முஷ்டியில் இருந்ததைவிடப் பாதங்களில்தான் அதிகம் இருந்தது என்பதை வால்ஷ் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். சண்டைக் காட்சிகளில் கேமரா அடிக்கடி முகங்களை விட்டுக் கீழே இறங்கி, துள்ளியும் விலகியும் எதிராளியைச் சுற்றிவரும் கால்களைக் காட்டுகிறது. அடி விழும் இடத்தில் ஆள் இல்லாமல் போவதுதான் கார்பெட்டின் கலை என்பது வசனம் ஏதுமின்றியே பார்வையாளருக்கு விளங்கிவிடுகிறது. 1892 செப்டம்பர் 7 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில், தம்மைவிட 30 பவுண்டுக்கும் மேல் எடை கூடிய, அப்போதைய ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) சாம்பியன் ஜான் எல். சல்லிவனை 21ஆவது சுற்றில் கார்பெட் வீழ்த்தியதும் இதே முறையில்தான். படம் இதைத் திரித்துக் காட்டவில்லை.

விக்டோரியா வேர் என்ற செல்வச் சீமாட்டியுடனான காதல் கற்பனை. உண்மையில் கார்பெட்டுக்கு 1886 இலேயே திருமணம் ஆகிவிட்டது. இத்தகைய சேர்க்கைகளைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை; வணிகப் படத்தில் ஒரு நாயகி வேண்டும், அவ்வளவே. கலகலப்பான மனிதராக வரும் கார்பெட்டின் தந்தை, 1898 இல் தம் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தாமும் உயிரை மாய்த்துக்கொண்ட கொடுமையைப் படம் சொல்லாததையும் நான் குறையாகக் கருதவில்லை. கதை 1892 உடன் நின்றுவிடுவதால் அது படத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பீட்டர் ஜாக்சனுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் குத்துச்சண்டை பயின்று, அமெரிக்காவுக்கு வந்த இந்தக் கறுப்பின வீரருடன் கார்பெட் 1891 மே 21 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மோதினார். 61 சுற்றுகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். இருவரும் கையைத் தூக்கவும் முடியாத நிலைக்கு வந்த பிறகு, வெற்றி தோல்வி இல்லை என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஜாக்சனிடம் தோற்காமல் நின்றதால்தான், சல்லிவனுக்கு எதிரே நிற்கத் தகுந்தவர் என்ற பெயர் கார்பெட்டுக்கு நாடெங்கும் கிடைத்தது. படம் சொல்லும் காலத்துக்குள், படம் நடக்கும் ஊரிலேயே நிகழ்ந்த, நாயகனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட இந்த ஆட்டத்துக்கு ஒரு காட்சிகூட இல்லை. படகுத் தளத்தில் ஜோ சொயின்ஸ்கியுடன் நடந்த சண்டைக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியவர்கள் இதை மறந்துவிட்டார்கள் என்று நம்புவது கடினம்.

ஜாக்சன் திரையில் வந்திருந்தால், அவர் ஏன் சல்லிவனுடன் மோதவில்லை என்ற கேள்வியைப் பார்வையாளர் கேட்டே தீருவார். கறுப்பின வீரர் எவருடனும் மோதமாட்டேன் என்று சல்லிவன் வெளிப்படையாகவே அறிவித்திருந்தார் என்பதுதான் அதற்கு விடை. அந்த விடை தெரிந்த பிறகு, தோற்ற சல்லிவன் தமது பட்டத்தின் அரைக்கச்சையைக் கார்பெட்டிடம் ஒப்படைக்கும் உருக்கமான இறுதிக் காட்சியை எந்த மனநிலையில் பார்ப்பது? சல்லிவனாக வரும் வார்ட் பாண்ட் அக்காட்சியில் மிக நேர்த்தியாக நடித்திருக்கிறார் என்பது வேறு விஷயம். பட்டம் வென்ற பிறகு கார்பெட்டும் ஜாக்சனுக்கு மறு ஆட்டம் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, ஆட்டம் நடக்கவில்லை. சல்லிவன் வீழ்ந்த அதே குத்துச்சண்டை மன்றத்தில், அதற்கு முந்தைய இரவு, ஜார்ஜ் டிக்சன் என்ற கறுப்பின வீரர் வெள்ளையரான ஜாக் ஸ்கெல்லியைத் தோற்கடித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, இரு இனத்தாரும் மோதும் ஆட்டங்களை இனி நடத்துவதில்லை என்று அந்த மன்றம் முடிவெடுத்தது. ஹெவிவெயிட் பட்டத்துக்கான மேடையில் ஒரு கறுப்பினத்தவர் ஏற 1908 ஆம் ஆண்டு வரை, அதுவும் அமெரிக்காவுக்கு வெளியே சிட்னியில், காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி ஏறி வென்ற ஜாக் ஜான்சனை 1910 இல் ரீனோ நகரில் வெள்ளையரான முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸ் எதிர்த்தபோது, ஜெஃப்ரீஸின் தரப்பில் நின்றுகொண்டு ஜான்சனை இனத்தைச் சொல்லி ஏசியவர் நம் 'ஜென்டில்மேன்' கார்பெட்தான்.

இவற்றையெல்லாம் 1942 ஆம் ஆண்டின் ஸ்டுடியோ ஒன்று சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. படத்தை நான் இன்னும் விரும்பியே பார்ப்பேன். இன்றைய வாசகருக்கு அதை அறிமுகப்படுத்தும் கட்டுரையாளருக்கு மட்டும் அந்த ஸ்டுடியோவின் மௌனத்தைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே, வாழ்க்கை வரலாற்றுப் படங்களைப் பற்றி இத்தொடரில் எழுதும்போது, எது நடந்தது, எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதற்கு நான்கு வரிகளாவது ஒதுக்குமாறும், பீட்டர் ஜாக்சனைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்