அக்குளுக்கு அக்குள் எத்தனை இஞ்சு?

காவேரிப்பட்டணம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். போட்டோ பார்த்து வாங்குன பழைய நீல டாப்ஸ் இறுக்குதுன்னு நேத்து போன்ல நீ அழாத குறையா புலம்புனதைக் கேட்டுட்டு, "புதுசு வாங்கக் காசில்லாமயா பழசை வாங்குறா"ன்னு அம்மா என்னைத்தான் பிடிச்சுக்கிட்டா. ஆயா அதுக்கும் மேல. ஊர் பேர் தெரியாதவ உடுத்துன துணி வீட்டுக்குள்ள வரக்கூடாதாம்! பெரியப்பாவுக்குப் பத்தாமப் போன சட்டையெல்லாம் எனக்கு மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புனது இதே ஆயாதான். அவங்க போத்திக்கிற மாதிரி சாம்பல் கம்பளியில நிறைய, பானிபட்ல பழைய ஸ்வெட்டரைக் கிழிச்சு நூலாக்கி நெய்யறதுதான். சொல்லிடாதே, ராத்திரி குளிர்ல கிடப்பாங்க.

நீ பழசு வாங்குறது எனக்கு ஒரு குறையும் இல்ல. காட்டன்னா சுருங்க வேண்டியது சுருங்கி, விட வேண்டிய சாயம் விட்டுத்தான் உன் கைக்கு வரும். ஆனா லேபிள்ல எம்முன்னு போட்டிருக்குன்னு பணத்தை அனுப்புற பாரு, அதுதான் எனக்கு ஆகல. ஒரு கம்பெனிக்கு எம்முன்னா 36, இன்னொருத்தனுக்கு 40. தரையில விரிச்சு, அக்குளுக்கு அக்குள் டேப் வெச்சுச் சொல்லச் சொல்லு. 18 இஞ்சு வந்தா, முன்னும் பின்னும் சேர்த்து சுத்தளவு 36. உன் உடம்பு 34, டாப்ஸ் 37 ஆவது வேணும். அந்த நீல டாப்ஸ்ல பஸ் கம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடியலன்னா, துணியும் 34 தான் இருந்திருக்கும்.

போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமைச் சந்தையில ஆயா சேலை எடுக்கிறதைப் பார்த்திருக்கியே. முந்தியிலிருந்து வெயில்ல விரிச்சுப் பார்த்த பிறகுதான் விலையே கேப்பாங்க. நீயும் பகல் வெளிச்சத்துல எடுத்த போட்டோ கேளு, அக்குளையும் சேர்த்து. துணி நைஞ்சிருந்தா அங்கதான் முதல்ல தெரியும். பாலியஸ்டர்ல வேர்வை நாத்தம் ஏறிட்டா லேசுல போகாது, விட்டுடு.

நேர்ல எடுத்தா உள்பக்கம் திருப்பிப் பாரு. எங்களை மாதிரி டெய்லருங்க தைக்கிறப்ப பக்கத்து மூட்டுல ஒரு இஞ்சு உள்ள விட்டிருப்போம், பிரிச்சு விட்டுக்கலாம். கம்பெனித் துணியில நூல் பிரியாம இருக்க ஓவர்லாக் தையல் அடிச்சு ஓரத்தை நறுக்கிடுவான், கால் இஞ்சு தேறுனாப் பெரிசு. பிரிச்சாலும், உள்ள இருந்த பட்டை மட்டும் புதுநிறத்துல பளிச்சுன்னு காட்டிக் கொடுக்கும். அதனால ஒரு சுத்து பெருசாவே எடு, பிடிச்சுத் தர்றது என் வேலை. தோள் மட்டும் உனக்குச் சரியா இருக்கணும். தோள் இறங்குனா கையைக் கழட்டி, வளைவை வெட்டி, திரும்ப ஏத்தணும். அந்த நேரத்துல ஒரு ஜாக்கெட்டே தைச்சிடுவேன். ஜீன்ஸ்ல தொடை இடுக்கைப் பாரு, அங்க வெளுத்து மெலிஞ்சிருந்தா இழை கோத்து ரஃபூ பண்ணாலும் நாலு துவைப்புக்குத் தாங்காது.

நீல டாப்ஸைத் தூக்கிப் போட்டுடாதே. நிறம் பக்கத்துல வர்ற துணி கடையில கிடக்கு, ரெண்டு பக்கமும் ஒட்டுக் கொடுத்துடலாம். ஆயுத பூஜைக்கு வர்றப்பவே எடுத்துட்டு வா. தீபாவளி நெருங்கிட்டா ஆல்டர் வேலை தொடமாட்டேன்னு போர்டு எழுதி மாட்டிடுவேன், மகளா இருந்தாலும் அதேதான்.

அப்பா