அந்த ரிவால்வருக்கு என்ன வயசு?

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. எனக்குக் குறையொன்றும் இல்லை. கண் மட்டும் பூதக்கண்ணாடி கேட்கிறது. உன் படங்களைப் பார்க்க எப்படியும் அது வேண்டியிருந்தது.

நீ வாங்கிய பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் (அமெரிக்கக் கம்பெனி) ரிவால்வர் எந்த ஆண்டில் செய்தது என்று கேட்டிருந்தாய். அதை விற்றவர் 'இரண்டாம் உலகப் போரில் இருந்தது' என்று சொன்னாராமே! பழைய துப்பாக்கி விற்கிற முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். போருக்குப் போகாத துப்பாக்கியே கிடையாது போலிருக்கிறது. அவர் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். இரும்பில் என்ன அடித்திருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

எதற்கும் முன்னால், சிலிண்டரைத் திறந்து தோட்டா போடும் ஆறு அறையும் காலிதானா என்று கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். மற்றதெல்லாம் அப்புறம்.

சிலிண்டரைத் தாங்கும் கை, சட்டத்தோடு (துப்பாக்கியின் உடலான இரும்பு) வந்து சேரும் பள்ளத்தில்தான் நீ படம் எடுத்திருக்கிறாய். அங்கே 'மாடல் 10-5' என்று தெரிகிறது, பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணைத்தான் சீரியல் நம்பர் என்று எழுதியிருக்கிறாய். அது இல்லையடா. பாகங்களைக் கோக்கும்போது ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் இருக்கத் தொழிற்சாலையில் அடித்துக்கொண்ட எண் அது. அதை வைத்து ஆண்டு தேடினால் எங்கேயோ கொண்டுபோய் விடும். சரியான சீரியல் நம்பர் பிடியின் அடியில், உள்ளங்கை முடிகிற இடத்து இரும்பில் இருக்கும். உன்னுடையதில் பின்னால் மாட்டிய பெரிய ரப்பர் பிடி அதை மூடியிருக்கிறது. திருகைக் கழற்றிப் பிடியை எடுத்துவிட்டுப் பார்.

ஆனால் அந்த நம்பர் வருவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் துப்பாக்கிகளில் மாடல் எண் அடிக்க ஆரம்பித்ததே 1957-ல்தான். போர்க்காலத்து ரிவால்வராக இருந்தால் மாடல் எண்ணே இருக்காது. சீரியல் நம்பர் பெரும்பாலும் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும். '10-5'-ல் கோடு போட்டு வருகிற 5, வடிவமைப்பில் செய்த மாற்றத்தின் கணக்கு. குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முன்குறியின் அகலத்தை மாற்றியபோது, 1962-ல் வந்தது அது. ஆக, உன் ரிவால்வர் அதற்கு முந்தையது இல்லை. பிடியைக் கழற்றினால் 'சி' என்று தொடங்கும் நம்பர் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வரிசை 1948-ல் தொடங்கி 1960-களின் கடைசியில் தீர்ந்துபோய், 'டி' வரிசை வந்தது. 'சி' இருந்தால் வயது ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடும். சட்டத்தில் இருக்கும் திருகுகளையும் எண்ணிப் பார்: பழையவற்றில் ஐந்து, பிறகு நான்கு, 1960-களில் மூன்று. குழல் சட்டத்தில் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு சின்ன ஊசி ஓடும். 1982 வாக்கில் அதை விட்டுவிட்டார்கள், உன்னுடையதில் இருக்க வேண்டும்.

'எந்த மாதம் என்று சொல்ல முடியுமா' என்று கேட்டிருந்தாய். எந்தத் தேதியைச் சொல்கிறாய் என்பதைப் பொறுத்தது அது. சட்டத்தில் நம்பர் அடித்த நாள் ஒன்று, பாகங்களைக் கோத்து முடித்த நாள் ஒன்று, தொழிற்சாலையை விட்டு வெளியே போன நாள் ஒன்று. நம்பர் அடித்த சட்டங்கள் வரிசைப்படி வெளியே போவதில்லை. கைக்கு வந்ததை எடுத்துக் கோத்தார்கள். அதனால் அடுத்தடுத்த நம்பர்கள்கூட மாதக்கணக்கில் தள்ளிப் போயிருக்கும். கட்டணம் கட்டினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தரப்பில் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறார்கள், கோல்ட் கம்பெனியிலும் அந்த வழக்கம் உண்டு. அதில் வருவது அனுப்பிய தேதி. எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது, மற்ற இரண்டும் பெரும்பாலும் யாரிடமும் இல்லை.

உன் மைத்துனரின் வால்தர் பிஸ்டல் (ஜெர்மன் கம்பெனி) கதை வேறு. ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், ஊர்ப்பெயரைப் பார்க்கச் சொல். ட்ஸெல்லா-மெஹ்லிஸ் என்றால் போர் முடிவதற்கு முந்தையது, உல்ம் என்றால் பிந்தையது. முந்தையது என்றால் சோதனை முத்திரையை (சுட்டுச் சோதித்துப் பார்த்ததற்கு அடிக்கும் குறி) பார்க்கட்டும்: கிரீடத்தின் கீழே 'என்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1940 வாக்குக்கு முன், கழுகின் கீழே 'என்' இருந்தால் அதற்குப் பின். உல்ம் சோதனைச்சாலையின் முத்திரை மான்கொம்பு. அதன் பக்கத்தில் ஆண்டு சில துப்பாக்கிகளில் இலக்கமாகவே இருக்கும். சிலவற்றில் இரண்டு எழுத்தாக இருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே போய் கே என்றால் 9. எட்டுக்கு ஐயும் உண்டு, ஜேயும் உண்டு. 'ஐ சி' என்று இருந்தால் 1982. எனக்கு இந்த ஜெர்மன் முறைதான் பிடிக்கும், யாரிடமும் பதிவேடு கேட்டு நிற்க வேண்டாம். பிரௌனிங் கம்பெனித் துப்பாக்கியிலும் எழுத்துக் கணக்கு உண்டு, ஆனால் தலைகீழ்: இசட் ஒன்று, ஒய் இரண்டு என்று பின்னாலிருந்து வரும். இத்தாலியத் துப்பாக்கியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இரட்டை ஏ என்றால் 1975. பழைய ரஷ்ய நாகான் ரிவால்வரில் ஆண்டையே அப்படியே அடித்திருப்பார்கள், எந்தத் தொல்லையும் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: சோதனை முத்திரை எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அந்தப் பாகத்தின் வயதைத்தான் சொல்லும். குழலை மாற்றியிருந்தால் குழல் ஒரு ஆண்டும் சட்டம் ஒரு ஆண்டும் காட்டும். குழல் மேலே பேட்டன்ட் தேதி இருந்தால் அதைத் தயாரித்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதே. அதற்குப் பிறகு செய்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

எழுத்து மங்கலாக இருந்தால் உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதே. வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துத் துணியால் துடை, பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடு. போன படங்களில் பாதி வெறும் பளபளப்புதான்.

இன்னொன்று, இது ஆண்டைவிட அவசரம். லைசென்ஸில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று எடுத்துப் பார். உனக்கு முன்னால் வைத்திருந்தவரும் பள்ளத்து எண்ணையே சீரியல் நம்பர் என்று கொடுத்திருந்தால், காகிதமும் துப்பாக்கியும் ஒத்துப்போகாது. நீயாக முன்வந்து திருத்தக் கேட்பதுதான் நல்லது. சோதனையில் அதிகாரிகள் கண்டுபிடித்தால் பதில் சொல்லி மாளாது.

பிடியைக் கழற்றிய படத்தை அனுப்பு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்