எவன்டா இங்க ஏழைன்னு கேட்ட மாப்ளைக்கு

மாப்ள,

காதுகுத்து பந்தியில வெச்சு கேட்டியே, "இப்ப ஊர்ல எவன்டா ஏழை, கூலி 600 ரூவா, ரெண்டு மணிக்கெல்லாம் கரையேறிடுறானுவ, எல்லார் கையிலயும் போனு"ன்னு. அப்ப பதில் சொல்லல, பெருசுங்க பக்கத்துல இருந்தாங்க, ரசம் வேற ஊத்திட்டு இருந்தாங்க. ஆனா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். கூலி கூட கேட்டா உள்ளுக்குள்ள முணுமுணுக்குற ஆளுதான் நானும், அதையும் சொல்லிடுறேன்.

வாய்க்கா கரைத் தெரு அக்கா, நம்ம வயலுக்கு நடவுக்கு வருமே, அதையே எடுத்துக்க. 600 ஆம்பள கூலிடா, அக்காவுக்கு அதுல பாதி சொச்சந்தான். அதுவும் எத்தனை நாளைக்கு? முன்னாடி நடவு, களை, அறுப்பு, களத்துல போரடின்னு வேலை ஓடும், இப்ப செயின் வெச்ச அறுப்பு மெஷின் எறங்குனா ஏக்கரை ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு போயிடுது. கூலி ஏறுனது கண்ணுக்குத் தெரியுது, நாள் கொறைஞ்சது தெரியல. மெஷின் விடுறதும் நாமதான்.

சரி காசை விடு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப அக்கா வீட்டுக் கூரை பறந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் கீத்து மேல தார்ப்பாய்தான். வீடு கட்டுற திட்டத்துக்கு எழுதிக் குடுக்கப் போனா பட்டா எங்கன்னு கேட்டுட்டாங்க. மனை கோயிலுக்குச் சொந்தம், மாமியா காலத்துலேர்ந்து குடியிருக்குது, பட்டா கெடையாது. பட்டா இல்லன்னா திட்டமும் இல்ல பேங்க்ல வீட்டு லோனும் இல்ல, அப்புறம் என்ன, குழு லோன்தான். செவ்வாக்கெழமை ஏழு மணிக்கே வசூலுக்கு வந்து உக்காந்துருவாங்க, ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க எந்திரிச்சு வேலைக்குப் போவ முடியாது. போன வாரம் கடைத்தெருவுல என்னைப் பாத்துட்டு அக்கா சட்டுனு சந்துக்குள்ள திரும்பிடுச்சு. எனக்கு 500 ரூவா கைமாத்து தரணும், நான் கேக்கக்கூட இல்ல மாப்ள.

நோபல் வாங்குன பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் ஒண்ணு சொல்லுவாரு, விரதம் இருக்குறவனுக்கும் பட்டினி கெடக்குறவனுக்கும் வயிறு ஒரே மாதிரி காலிதான், ஆனா விரதக்காரன் நெனச்சா சாப்பிடலாம்னு. அத்தை ஏகாதசிக்கு இருக்குறதும் அக்கா இருக்குறதும் ஒண்ணா?

மத்திய அரசோட திட்ட ஆலோசனை அமைப்பு நிதி ஆயோக், அதோட வறுமைக் கணக்கு ஒண்ணு இருக்கு, வருமானத்தையே பாக்காது. சத்து, படிப்பு, கேஸு, கக்கூஸு, கரண்டு, வீடு, பேங்க் அக்கவுண்டுன்னு 12 விஷயத்துல எது கொறைன்னு பாக்கும். நல்ல கணக்குதான். 2019-21 சர்வேபடி தமிழ்நாட்டுல 2.2 சதவீதம் பேருதான் அதுல ஏழை. ஆனா அக்கா அந்த 2.2-ல வராது. கேஸ் இருக்கு, அக்கவுண்ட் இருக்கு, பையன் ஐடிஐ போறான். வீடு மோசம்னா மொத்த மார்க்குல 21-ல ஒரு பங்குதான் சேரும், கொறையெல்லாம் கூட்டி மூணுல ஒரு பங்கு சேந்தாத்தான் ஏழைன்னு எழுதுவாங்க. பட்டா இருக்கான்னு அதுல கேள்வியே கெடையாது, சந்துக்குள்ள திரும்புனதை எந்தக் கட்டத்துல எழுதுறது?

தையில சம்பா அறுப்புக்கு வா, அக்கா வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன். டீ போட்டுக் குடுக்கும், வேணாம்னு சொல்லிடாத. வாசக்கால் தாழ்வு, நீ வேற உசரம், பாத்து குனிஞ்சு வா.