லாரி கிளம்பிய பிறகு குடித்த மருந்து

அன்புள்ள தம்பி,

என்னைப் போல சிங்கப்பூரில் வயிறு, குடல் மருத்துவராக வேலைக்கு வந்தால் சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை ஸ்கோப் (கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை), ஈஆர்சிபி (ஸ்கோப் வழியாகப் பித்தக்குழாயில் செய்யும் சிகிச்சை) செய்ய விடுவார்களா என்று கேட்டிருந்தாய். எல்லாம் நியாயமான கேள்விதான். முதலில் பேப்பர் வேலை. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் உன் எம்.பி.பி.எஸ். கல்லூரி தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். 2020 ஜனவரியில் அந்தப் பட்டியலையே 160-லிருந்து 103 ஆகச் சுருக்கினார்கள். அதில் இல்லையென்றால் எம்.ஆர்.சி.பி. (பிரிட்டனின் பொதுமருத்துவத் தேர்வு) மாதிரி அவர்கள் ஏற்கும் மேற்படிப்பு கையில் வேண்டும். அப்புறமும் கிடைப்பது நிபந்தனைப் பதிவுதான், அதாவது ஒரு மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் வேலை. ஊரில் யூனிட் நடத்திய எனக்கு அது கொஞ்ச நாள் கசந்தது. பழகிவிடும்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன் (ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). நம் ஊர்க்காரர், கட்டுமான வேலை, மலத்தில் ரத்தம் போகிறது என்று வந்தார். கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் விடும் ஸ்கோப்) போட்டால் குடல் சுத்தமாகவே இல்லை, கேமராவுக்கு முன்னால் பழுப்புக் குழம்பு, கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம். 'அறிவுரையைப் பின்பற்றவில்லை' என்று குறிப்பில் ஏறியது. அது எனக்கு உறுத்தியதால் மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன்.

"குடல் சுத்தமாகக் குடுத்த பேதி மருந்துல பாதிதான் சார் குடிச்சேன். ரூம்ல 12 பேரு. விடியக்காலைல எல்லாரும் வேலைக்குப் போற லாரிக்குக் கிளம்புற நேரம், கக்கூஸ் வாசல்ல கியூ. நான் அஞ்சு தடவ போனா மத்தவன் எப்ப போவான்?"

நாங்கள் கொடுக்கும் தாளில் இரண்டாவது பாதியை அதிகாலையில் குடி, கீரையும் விதையும் தவிர் என்று இருக்கும். அவருக்கோ விடிவதற்குள் வந்து மதியம்வரை கிடக்கிற கேட்டரிங் பொட்டலம்தான் சாப்பாடு, அதில் எதைத் தவிர்ப்பது? அடுத்த முறை பிற்பகலில் நேரம் கொடுத்தோம். முந்தைய நாள் பிரெட்டும் வெள்ளைச் சோறும் மட்டும். இரண்டாம் பாதியை லாரி கிளம்பி விடுதி காலியான பிறகு ஆரம்பித்தார். குடல் கண்ணாடி மாதிரி இருந்தது. சிக்மாய்டில் (பெருங்குடலின் கடைசி வளைவில்) ஒரு பாலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி, அப்போதே எடுத்துவிட்டோம்.

இங்கே வயிறு என்றாலே காற்றுதான். நம் ஆட்கள் வாயு என்பார்கள், மலாய்க்காரர் அங்கின் என்பார், ஹொக்கியன் பேசும் பாட்டி ஹோங் என்பார். மூன்றும் காற்றுதான், ஆனால் உள்ளே பித்தப்பைக் கல் இருக்கும், ஒரு தடவை மாரடைப்பே இருந்தது. அதனால் ஸ்கோப் எண்ணிக்கையோடு, வெளிநோயாளிக்கு எத்தனை நிமிஷம் தருவார்கள், மொழிபெயர்க்க ஆள் உண்டா என்பதையும் நேர்காணலில் கேள். மழுப்பினால் வேறு இடம் பார்.

சம்பளக் கணக்கைத் தனியாக அனுப்புகிறேன், வீட்டு வாடகையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
அண்ணன்