நமது சின்தசைசர் சங்கத்தின் ஐந்தாம் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூன்று மாடி ஏறி வந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத இருபது பேருக்கும் இந்த அறிக்கையை இன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நீலக் குறி விழும், பதில் வராது. பரவாயில்லை, பழகிவிட்டது.

கடைசிச் சனிக்கிழமைக் கூட்டம் இந்த ஆண்டு ஒன்பது முறை நடந்தது. மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். டிசம்பரில் கச்சேரி சீசன். நம் உறுப்பினர்களைச் சபா கேன்டீன்களில்தான் பார்க்க முடிந்தது. செயற்குழு நான்கு முறை கூடியது. சின்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவியை, நாம் பெட்டி என்றுதான் சொல்கிறோம். அறையில் எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஸ்பீக்கரில் உறுமிக்கொண்டிருந்த இரைச்சல், எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரிசெய்ததும் நின்றுவிட்டது. ஆயுத பூஜை வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. ஆனால் ஸ்லைடர் ஓடும் பள்ளத்தில் குங்குமம் விழுந்து, அதைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அடுத்த முறை பெட்டிக்கு உறை போட்டு, பொட்டை உறைக்கு வைக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆகஸ்டில் நான் ஒரு உரை நிகழ்த்தினேன். 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் மாடுலர் கருவியை (தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைத்து வாசிக்கும் சின்தை) வைத்து மின்னணு இசைக்கூடம் அமைத்தது பற்றியும், 1982இல் பம்பாய் ஸ்டுடியோ இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8 சின்த், டிபி-303 பேஸ் பெட்டி, டிஆர்-808 டிரம் மெஷின் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களைப் பதிவுசெய்தது பற்றியும் பேசினேன். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 303ம் பேஸ் கிட்டாருக்கு மாற்று என்று வந்து, எடுபடாமல், 1984இல் தயாரிப்பே நின்றுபோன பெட்டிதான். பின்னால் சிகாகோவில் அதைச் செகண்ட்-ஹேண்டில் வாங்கிய பையன்கள் அதன் ஃபில்டரை, அதாவது ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதியை, திருகித் திருகி ஒரு புது இசை வகையையே உண்டாக்கினார்கள். உரைக்கு ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மாடி வீட்டுக்காரர்.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். ‘மூன்று மாதம் ஒரே பெட்டி’ திட்டம். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி வேறு விதமாகவும் பேசப்பட்டதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: உங்களிடம் எத்தனை சின்த் இருக்கிறது, எத்தனை டியூன் முடித்திருக்கிறீர்கள்? ஒருவர் எழுந்து நான்கு பெட்டி, பூஜ்யம் டியூன் என்றார். சிரித்தோம். ஆனால் கணக்குப் பார்த்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான், எனக்கும் சேர்த்து. வீடியோ பார்க்கிறோம், வாங்குகிறோம், பிரீசெட் (பெட்டியில் தயாராக வரும் ஒலி) ஒன்றிலிருந்து கடைசி வரை அழுத்திப் பார்க்கிறோம், அப்புறம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த வீடியோ. அதனால்தான் சங்கமே ஐந்து பெட்டிகளை வைத்துக்கொண்டு, உறுப்பினருக்கு ஒன்றாக மூன்று மாதம் இரவல் தருவது என்று ஏற்பாடு. பழகிப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

விதி மூன்றே மூன்று. முதல் மாதம் பிரீசெட்டைத் தொடக் கூடாது. ஒரே ஒரு ஸா-டூத் அலை (ரம்பப்பல் வடிவ அலை), ஃபில்டர் முழுக்கத் திறந்திருக்க, அங்கிருந்து தொடங்க வேண்டும். பிடித்த ஒலியை நோட்டில் வரைந்து வைக்க வேண்டும், ஒவ்வொரு திருகும் கடிகாரத்தில் எத்தனை மணியில் நிற்கிறது என்று. மூன்றாம் மாத முடிவில் இரண்டு நிமிடமாவது ஏதாவது வாசித்துக் காட்ட வேண்டும். நோட்டு இப்போது மேசைமேல் இருக்கிறது. ‘கட்-ஆஃப் இரண்டு மணி, ரெசனன்ஸ் பத்து மணி, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது’ என்று ஒரு பக்கம். (கட்-ஆஃபும் ரெசனன்ஸும் ஃபில்டரின் இரண்டு திருகுகள்.) படித்துப் பாருங்கள்.

ஐந்தில் நான்கு பெட்டிகள் நன்கொடையாகவும் பாதி விலைக்கும் வந்தவை: ஒரு கோர்க் வோல்கா கீஸ், ஒரு மினிலாக், ஒரு மைக்ரோஃப்ரீக், ஒரு யமஹா ரிஃபேஸ் டிஎக்ஸ். ஐந்தாவது, 1970இல் வந்த மினிமூக்கின் அமைப்பை அப்படியே சின்னதாகச் செய்த பெரிஞ்சர் மாடல் டி. இதை வாங்கியதுதான் சர்ச்சை. செயற்குழு ஒப்புதல் இல்லாமல் செயலாளர் வாங்கினார் என்கிறார்கள். விற்றவர் அன்று மாலை வரைதான் வைத்திருப்பேன் என்றார். செயற்குழுவின் ஏழு பேருக்கும் போன் செய்தேன், மூன்று பேர் எடுத்தார்கள், மூவரும் சரி என்றார்கள். எடுக்காத நான்கு பேரும் எடுத்திருந்தால் அவர்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ‘செயலாளர் தனக்கே வாங்கிக்கொண்டார்’ என்று குழுவில் ஒரு பதிவு வந்தது. பெட்டி என் வீட்டில் 41 நாள் இருந்தது உண்மை. எடுத்துப்போக யாரும் வரவில்லை. அந்த 41 நாளில் நான் அதை வாசித்தேனா என்றால், வாசித்தேன். தூசி தட்டிக்கொண்டு மட்டும் இருக்க முடியுமா?

ஏன் இந்தப் பெட்டி? இதில் மெமரி கிடையாது, ஸ்கிரீன் கிடையாது, மெனு கிடையாது. மூன்று ஆஸிலேட்டர் (அடிப்படை ஒலியை உண்டாக்கும் பகுதி), ஒரு ஃபில்டர், ஒரு திருகுக்கு ஒரு வேலை. நேற்றைய ஒலி இன்று வேண்டுமென்றால் காதை வைத்துத்தான் திரும்பப் பிடிக்க வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியவில்லை. முதலில் இரவல் வாங்கியவர் லைட் மியூசிக் மேடைகளில் இருபது வருடம் கீபோர்டு வாசித்தவர். மறுநாள் காலையிலேயே போன்: “சார், மூணு விரல் வச்சு கார்டு பிடிச்சா ஒரு சுரம்தான் வருது, பெட்டி ரிப்பேர்.” இது மோனோ சின்த், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும் என்று விளக்கினேன். அப்படியென்றால் பாக்கி விரல்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். திருகு திருப்பத்தான் என்றேன். மூன்றாம் மாதம் அவரே இடது கையை ஃபில்டரில் வைத்துக்கொண்டு வாசித்த பேஸ் லைனைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்காதவர்கள் வந்திருக்கலாம்.

மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அனலாக் ஆஸிலேட்டர் என்ன பாடு படும் என்பதும் தெரிந்துகொண்டோம். போட்டவுடன் சுருதி சேர்த்தால் கால் மணி நேரத்தில் நழுவிவிடுகிறது. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் ஓடவிட்டால் அந்த நழுவல் பல்லில் மணல் கடிபட்டதுபோல் கேட்கும். போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து சுருதி சேருங்கள்.

மினிலாக்கை எடுத்தவர் வீணை கற்றவர். தோடி காந்தாரம் இதில் வருமா என்பதுதான் அவர் கவலை. முதலில் எல்எஃப்ஓவை, அதாவது ஒலியை மெதுவாக ஆட்டும் சுற்றை, சுருதிக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆம்புலன்ஸ் போவதுபோல் இருந்தது. எல்எஃப்ஓ மேலும் கீழும் ஒரே சீராக ஆடும். அந்தக் காந்தாரமோ ரிஷபத்தில் ஊன்றி, மத்திமத்தைத் தொட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு வேகமாகப் போகும். பிறகு கணக்குப் போட்டார். சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு அரைச்சுரம் இறங்கினால் சுத்த ரிஷபம், இரண்டு ஏறினால் சுத்த மத்திமம். பெண்ட் எல்லையை (நெம்பு சுருதியை எவ்வளவு வளைக்கும் என்பதை) இரண்டு அரைச்சுரத்துக்கு வைத்தால், காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு நெம்பை இரு முனை வரை தள்ளினால் போதும், சுரம் தவறாது. கையை விட்டால் நெம்பு துள்ளி நடுவுக்கு ஓடிவிடுகிறது, அதைத்தான் அடக்க வேண்டியிருந்தது. ஜனவரிக் கூட்டத்தில் நான்கு நிமிடம் தோடி வாசித்தார். துணைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். என் வரையில் ஐந்து ஆண்டுச் சங்கப் பணிக்கு அந்த நான்கு நிமிடம் போதும்.

ரிஃபேஸ் டிஎக்ஸ் எடுத்த உறுப்பினர் முதல் மாதம் என்னைத் திட்டினார். நியாயம்தான். எஃப்எம்மில் (ஓர் அலையால் இன்னொன்றை ஆட்டி ஒலி செய்யும் முறையில்) வெறும் பேட்சிலிருந்து, அதாவது எதுவும் அமைக்காத ஒலியிலிருந்து, தொடங்குவது சுலபமில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்ததை யமஹா 1983இல் டிஎக்ஸ்7 ஆகக் கொண்டுவந்தபோதே பெரும்பாலோர் பிரீசெட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஆறு ஆபரேட்டர் (அலையை உண்டாக்கும் அலகு), இதில் நான்கு; அந்தமட்டில் பிழைத்தோம். இரண்டாம் மாதம் அவருக்குச் சூட்சுமம் பிடிபட்டது. ஒரு ஆபரேட்டர் இன்னொன்றை ஆட்டும்போது விகிதம் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணாக இருந்தால் சுரம் தெளிவாக நிற்கிறது; 3.5 என்று வைத்தால் உலோகம் பேசுகிறது. என்வலப்பை, அதாவது ஒலி எழுந்து அடங்கும் போக்கை, நீட்டி இறங்கவிட்டால் மணி. ஒரு மாலை அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா பூஜை அறையில் யார் என்று எட்டிப் பார்த்தாராம். இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்? பெட்டி மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

வோல்காவின் கதை வேறு. அதற்கு 9 வோல்ட் அடாப்டர், நடு முனை பிளஸ். கிட்டார் பெடல்களுக்கும் 9 வோல்ட்தான், ஆனால் பெரும்பாலும் நடு முனை மைனஸ். பிளக் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுபோலவே உள்ளே போகும். ஓர் உறுப்பினர் (பெயர் சொல்லவில்லை, இன்று வரவுமில்லை) பெடல் அடாப்டரைச் செருகினார். ஒரு வாடை, அப்புறம் நிசப்தம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்து, மூன்று முறை அலைந்து, ஏழு வாரம் கழித்து மீட்டேன். ஆட்டோ செலவை நான் கேட்கவில்லை. இனி எல்லா அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெட்டியின் பெயரை எழுதியிருக்கிறேன். சந்தேகமிருந்தால் ஆறு பென்சில் பேட்டரி போட்டு வாசியுங்கள். அதே வோல்கா, செப்டம்பர் நிகழ்ச்சியில் டிரம் மெஷினோடு சேர மறுத்து வெறிபிடித்து ஓடியதற்கும் பெட்டியைக் குறைசொல்ல முடியாது. கால் நோட்டுக்கு (ஒரு தாள அடிக்கு) இரண்டு துடிப்பு எதிர்பார்க்கும் சிங்க் துளைக்கு, அதாவது வேகத்தை ஒத்திசைக்கும் துளைக்கு, 24 துடிப்பு கொடுத்தால் பன்னிரண்டு மடங்கு வேகத்தில்தான் ஓடும். கொடுத்தது நான்தான். வருந்துகிறேன்.

வரவு செலவு. பொருளாளர் விரிவான கணக்கைப் பிறகு சமர்ப்பிப்பார். மொத்தத்தில் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். வாடகை, மின்சாரம், கேபிள், பேட்டரி, டீ, வடை, இதர வகை. இதர வகையில்தான் மாடல் டி இருக்கிறது. இரண்டு ரசீதுகள் மழையில் நனைந்துவிட்டன, தொகை ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டது. தணிக்கையாளராக இருக்க இசைந்தவர் துபாய் போய்விட்டதால் தலைவரே பார்வையிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்.

சந்தா மாதம் 100 ரூபாய். 31 உறுப்பினர்களில் ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 14 பேர். ஐந்து பேர் பாதி கட்டியிருக்கிறார்கள். மீதிப் பேருக்கு நினைவூட்டினால் ‘ஜிபே நம்பர் அனுப்புங்க சார்’ என்கிறார்கள். நம்பர் நான்கு ஆண்டாக மாறவில்லை, குழுவின் முகப்பிலேயே இருக்கிறது. புதிதாக வாங்கிய மாடுலர் பெட்டியின் படத்தை அதே குழுவில் போட்டவருக்கு ஒன்பது மாதச் சந்தா பாக்கி. பெட்டி நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள். அதில் ஒரு பேட்ச் கேபிளின் விலைக்குப் பாக்கியில் பாதி தீர்ந்திருக்கும்.

அறை தந்து, இரைச்சலைப் பொறுத்து, உரைக்கும் வந்த வீட்டுக்காரருக்கும், டீக்கடைத் தம்பிக்கும், செயற்குழுவினருக்கும், போன் எடுத்த மூவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஜூலையிலிருந்து வாடகை கூடுகிறது. அறையைப் பேச்சிலர் பையன்களுக்கு விடலாமா என்று வீட்டுக்காரர் யோசிப்பதாகக் காதில் விழுந்தது. ஐந்து பெட்டிக்கும் பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்று வேண்டும். யார் வீட்டிலாவது சும்மா நின்றால் வண்டி நானே பிடித்து வருகிறேன். செயலாளர் பொறுப்பை நான் ஐந்து ஆண்டு பார்த்துவிட்டேன். இளைஞர்கள் யாராவது முன்வந்தால் சாவி, நோட்டு, வெள்ளை டேப் எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கத் தயார். இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன். மினிலாக் ஏப்ரலில் யாருக்கு என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள், சந்தா கட்டிய வரிசையில்தான் தர முடியும்.

ரிஃபேஸ் டிஎக்ஸ் வைத்திருப்பவர் வரும் சனிக்கிழமை அடாப்டரோடு கொண்டுவந்தால் நல்லது. ஒன்பது மணிக்கு மேல் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுவார்.

இப்படிக்கு,
செயலாளர்