எந்தச் சொகுசைச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ராணுவப் பயிற்சியின் அன்றும் இன்றும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'பூட்ஸ் தேயத் தேய ஓடிய காலம் போய், மெத்தென்ற ஷூ மாட்டிக்கொண்டு ஓடும் காலம் வந்துவிட்டது. முகாம்கள் ஓய்வு விடுதிகளாகிவிட்டன' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் பூட்ஸ் போட்டு எத்தனை மைல் ஓடினாரோ, எனக்குத் தெரியாது. நான் ஓடியிருக்கிறேன். பிறகு பதினோரு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து மற்றவர்களை ஓடவும் விட்டிருக்கிறேன்.

என் அணியில் பக்கத்துக் கட்டில்காரன் ஒருவன். ஏழாவது வாரம், காலையில் இறங்கி நிற்கும்போது இடது காலைத் தரையில் ஊன்ற மாட்டான். கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, முன்னெலும்பில், பட்டாணி அளவு இடம். அங்கே விரல் பட்டால் துள்ளுவான். சற்றுத் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, பையன் நடிக்கிறான் என்று தீர்ப்பாயிற்று. நடிப்புக்கு அன்றைய மருந்து ஒன்றுதான்: துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். மூன்றாம் நாள் இரண்டாவது சுற்றில் அவன் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தவன் காலைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. 'படைக்குத் தகுதியற்றவர்' என்று எழுதி அனுப்பிவைத்தார்கள். எங்கள் அணியில் அவனைவிட நன்றாகச் சுட்டவன் கிடையாது.

அவனுக்கு வந்தது மயிரிழை முறிவு, ஓயாமல் ஓடி எலும்பில் விழும் மெல்லிய விரிசல். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். சில வாரங்கள் கழித்து எலும்பு கூடத் தொடங்கும்போதுதான் அடையாளம் தெரியும். அணிநடை போன சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர் 1855-லேயே எழுதிவைத்துவிட்டார். தாங்கள் அறியாததல்ல. நூறு ஆண்டு கழிந்தும் அந்தச் செய்தி எங்கள் மைதானத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அமெரிக்க ராணுவமே 1982-ல்தான் ரெக்ரூட்டுகளின், அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களின், ஓட்டத்துக்கு பூட்ஸைக் கழற்றிவைத்து ஓட்டக் காலணி கொடுத்தது. காலணி மட்டுமே எலும்பைக் காப்பாற்றிவிடாது. தூரத்தையும் சுமையையும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனாலும் அதைச் சொகுசு என்று எழுத எப்படிக் கை வந்தது?

தண்ணீர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். தாகத்தை அடக்குவது எங்களுக்கு ஒரு பாடமாகவே இருந்தது. உச்சி வெயிலில் தண்ணீர்க் குப்பி இடுப்பில் தொங்கும், ஆனால் உத்தரவில்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. உடம்பு பழகிக்கொள்ளும் என்பார்கள். வெயிலுக்கு உடம்பு பத்துப் பதினான்கு நாளில் பழகும். தாகத்துக்கு ஒருநாளும் பழகாது. அமெரிக்கப் பயிற்சி முகாம்களில் பையன்கள் வெப்பத்தில் சுருண்டு விழுவதைப் பார்த்துத்தான், வெயில், காற்று, ஈரப்பதம் மூன்றையும் சேர்த்து அளக்கும் முறையை 1950களில் யாக்ளூ, மினார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அந்த அளவைப் பார்த்துக் கொடி ஏற்றுவார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கறுப்பு ஏறினால் கடும் பயிற்சி நிற்கும். பிறகு அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் உப்பு குறைந்து விழுந்தவர்களும் உண்டு. அதனால் 1998-ல் மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு போட்டார்கள். மாற்றியதையும் மறுபடி மாற்றியிருக்கிறார்கள். கட்டுரையாளருக்கு இதெல்லாம் எழுதத் தோன்றவில்லை. ஷூ மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

பழைய கண்டிப்பின் பெருமை பேசுகிறவர்கள் 1956 ஏப்ரல் 8 இரவையும் சேர்த்துப் பேச வேண்டும். அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்டில், மரீன் படையின் பயிற்சி முகாமில், ஓர் அணிக்கு ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்றுநர் இருட்டில் ஓடைக்குள் இறக்கினார். ஆறு ரெக்ரூட்டுகள் மூழ்கிச் செத்தார்கள். அவர்கள் கற்ற ஒழுங்கு என்ன?

பயிற்சி இளகிவிட்டது என்கிறீர்கள். வட்டக் குறியைப் படுத்துக்கொண்டு நிதானமாகச் சுட்டுத்தான் நாங்கள் தேறினோம். இன்று ஆளுருவப் பலகை எந்தத் தூரத்தில் எழும், எத்தனை விநாடி நிற்கும் என்று தெரியாமல் சுட வேண்டும். அமெரிக்கக் காலாட்படையில் 14 வாரமாக இருந்த பயிற்சியை 2018 முதல் 22 வாரமாக நீட்டத் தொடங்கினார்கள். ஓய்வு விடுதியில் யாரும் இவ்வளவு நாள் தங்குவதில்லை.

எனக்கும் குறை உண்டு. இன்றைய பையன்கள் ஓடியாடாமல் வளர்ந்த எலும்போடு வந்து நிற்கிறார்கள். முதல் வாரத்திலேயே குதிகாலைப் பிடித்துக்கொள்கிறார்கள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிறார்கள். இது என் மகன் சொல்வது, அவனும் பயிற்றுநர்தான். நாங்கள் "ஏன்" என்று கேட்டிருந்தால் அதற்குத் தனியாகப் பத்துச் சுற்று. மகன் பதில் சொல்கிறான். அவனிடம் பயின்றவர்கள் உத்தரவில்லாத இடத்திலும் யோசித்துச் செய்கிறார்கள் என்கிறான். ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று. பயிற்றுநரான முதல் இரண்டு ஆண்டு நானும் குப்பி மூடியைத் திறக்க விடாதவன்தான். இதை எழுதுவது சுகமாக இல்லை.

தங்கள் பத்திரிகைக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு நான் அறியாததா? நான்கு ஆண்டுக்கு முன் அணிவகுப்புப் படமொன்றை இடவலம் மாற்றி அச்சிட்டீர்கள். அத்தனை பேருக்கும் பதக்கம் வலது மார்பில். சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் இல்லை. எந்தத் துப்பாக்கியைக் கண்டாலும் 'இயந்திரத் துப்பாக்கி' என்று படக்குறிப்பு எழுதுகிறீர்கள், அதற்கும் எழுதினேன். இந்தக் கடிதத்தையும் நான்கு வரியாக்கி, 'வாசகர் பாராட்டு' என்று தலைப்பிட்டாலும் வியப்படைய மாட்டேன். முன்பு ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது.

மறுப்புக் கட்டுரை போடுங்கள் என்று கேட்கவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் தங்கள் சிறப்பிதழுக்காக எங்கள் அணியின் குழுப் புகைப்படத்தைக் கேட்டு வாங்கினீர்கள். படம் அச்சாகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, கால் ஊன்ற முடியாமல் பக்கத்தில் இருப்பவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்தான் மேலே சொன்னவன். அவன் பிடித்திருப்பது என் தோளை. என்னிடம் வேறு பிரதி இல்லை. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். இது மூன்றாவது உறை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்